‘கூலி’யில் எல்லாரும் இருக்காங்க, பயம் மட்டும் இல்லை

முதல்லயே சொல்லிடறேன், இதுல ஸ்பாய்லர் இருக்கு. 2025 ஆகஸ்ட் 14 அன்னிக்கு தியேட்டருக்கு வந்து, செப்டம்பர் 11-ல ப்ரைம்லயும் வந்துட்ட படத்துக்கு இன்னமும் ஸ்பாய்லர் பத்திக் கவலைப்படுற ஒருத்தர் நம்ம காலேஜ்ல இருந்தா, அவர் கேட் எக்ஸாமுக்கு உண்மையாவே படிக்கிறவரா இருக்கணும். அவர் இந்தப் பக்கத்தை மூடிட்டு சிலபஸுக்கே போயிடலாம். மத்தவங்க உட்காருங்க.

இன்னொண்ணும் சொல்லணும். இது ரஜினி பிடிக்காதவன் எழுதுறது இல்லை. 1975 ஆகஸ்ட் 15-ல ‘அபூர்வ ராகங்கள்’ வந்துச்சு. சரியா அம்பது வருஷம் கழிச்சு, 74 வயசுல ஒரு மனுஷன் கண்ணாடியை மாட்டினா நம்ம ராமநாதபுரம் தியேட்டர்ல காகிதம் பறக்குது. காலை 9 மணி காட்சிக்கு என் சித்தப்பாவும் வந்திருந்தார், நானும் போனேன். ரெண்டு பேரும் சேர்ந்தேதான் கத்தினோம். படம் முடிஞ்சு வெளிய வந்ததும் சித்தப்பா கேட்டது ஒரே கேள்வி: “ஏப்பா, சத்யராஜ் எதுக்குப்பா செத்தாரு?” பைக் எடுக்கிற வரைக்கும் நானும் என் ஃப்ரெண்ட்ஸும் மாத்தி மாத்தி விளக்கினோம். ஆளுக்கொரு காரணம் சொன்னோம்.

ஒரு த்ரில்லர் படத்துக்கு இதைவிட மோசமான விமர்சனம் கிடையாது. படத்தைத் தொடங்கி வைக்கிற சாவு அது. அந்தச் சாவுக்கான காரணம், படம் முடிஞ்சு அஞ்சாவது நிமிஷம் யாருக்கும் ஞாபகம் இல்ல.

இதுக்கு எல்லாரும் சொல்ற விளக்கம், “ஸ்டார் அதிகம்.” நாகார்ஜுனா, உபேந்திரா, சௌபின் ஷாஹிர், ஸ்ருதி ஹாசன், சத்யராஜ், ரச்சிதா ராம், கடைசியில ஆமிர் கான், நடுவுல ஒரு பாட்டுக்கு பூஜா ஹெக்டே. ஒரு ஸ்டார்னா ஒரு என்ட்ரி வேணும், அதுக்கு ஒரு ஸ்லோ மோஷன், ஒரு பிஜிஎம். அனிருத் ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு போட்டுக் கொடுத்திருக்கார், பாவம். கிட்டத்தட்ட 2 மணி 50 நிமிஷ படத்துல இந்த என்ட்ரிகளை மட்டும் வெட்டி ஒட்டினாலே ஒரு நல்ல குறும்படம் தேறும். உபேந்திரா வர்றார், அடிக்கிறார், நிக்கிறார். ஆமிர் கான் வர்றார், பேசுறார், கிளம்புறார். நம்ம டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு சீஃப் கெஸ்ட் வந்து குத்துவிளக்கு ஏத்திட்டுப் போவாரே, கிட்டத்தட்ட அதேதான்.

ஆனா இந்த விளக்கம் எனக்குப் போதல. இதே லோகேஷ் கனகராஜ் 2022-ல ‘விக்ரம்’ எடுத்தார். கமல், விஜய் சேதுபதி, ஃபஹத் ஃபாசில், கடைசியில சூர்யா. அதுலயும் கூட்டம்தான். ஆனா இன்டர்வெல் வரைக்கும் ஃபஹத் ஒரு ஆளைப் பத்தி விசாரிச்சுக்கிட்டே போறார், நாமளும் பின்னாடியே போறோம். செத்தவன் யாரு, அவன் எப்படிப்பட்டவன்னு ஒரு கேள்வி எல்லா ஸ்டாரையும் ஒரே கயித்துல கட்டி இழுத்துச்சு. அதனால கூட்டம் குற்றவாளி இல்ல. வேற என்னமோ காணாமப் போயிருக்கு. அது என்னன்னு ப்ரைம்ல ரெண்டாவது தடவை பார்க்கும்போதுதான் எனக்குப் பிடிபட்டுச்சு.

இந்தப் படத்துல யாரும் வேலை பார்க்கல.

மொக்கை போடறேன்னு நினைக்காதீங்க, விளக்கமா சொல்றேன். சத்யராஜ் நடிச்ச ராஜசேகர்ல இருந்தே தொடங்கலாம். அந்தக் கதாபாத்திரம் நம்ம ஆளு, கிட்டத்தட்ட ஒரு இன்ஜினியர். உடலை இருந்த இடத்திலேயே தகனம் பண்ற மாதிரி, நாற்காலி வடிவத்துல ஒரு மின்சாரக் கருவியைக் கண்டுபிடிக்கிறார். நல்லெண்ணத்துல செஞ்சது. தப்பான ஆளுங்க கையில போனா கொலையை மறைக்கப் பயன்படும்னு அரசாங்கம் அனுமதி மறுக்குது. அரசாங்கம் பயந்த மாதிரியே அது சைமன் கையில மாட்டுது. மனுஷன் செஞ்ச நல்ல பொருள், அவரை வச்சே பிணம் எரிக்க வைக்குது.

இந்த ஒரு பத்தியை மட்டும் தனியாப் படிச்சுப் பாருங்க. இதுவே ஒரு முழுப் படம் இல்லையா? ஒவ்வொரு தடவையும் அந்த நாற்காலிக்கு முன்னாடி நிக்கிற அந்த அப்பா, வீட்டுக்குப் போய் மூணு பொண்ணுங்க முகத்தை எப்படிப் பார்ப்பார்? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ராத்திரி முழிச்சு சால்டரிங் பண்ற நம்மளுக்கு அந்தப் பயம் நல்லாவே புரியும். ஆனா படம் தொடங்கும்போதே அவர் செத்துட்டார், ஃப்ரீசர் பாக்ஸுக்குள்ள இருக்கார். ‘மிஸ்டர் பாரத்’ வந்தது 1986-ல. அதுல ரஜினியைவிட வயசுல சின்னவரான சத்யராஜ் அவருக்கு அப்பாவா நடிச்சு மிரட்டினார். 39 வருஷம் கழிச்சு ரெண்டு பேரையும் சேர்த்து, அதுல ஒருத்தரைப் பிணமாப் படுக்க வச்சதுக்கு தனி தைரியம் வேணும்.

சரி, அந்த மிஷினுக்கு வருவோம். நான் எலெக்ட்ரிக்கல் டிபார்ட்மென்ட், சும்மா இருக்க முடியல, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70 கிலோ மனுஷன்ல சுமார் 42 கிலோ தண்ணி. அந்தத் தண்ணியை 30 டிகிரியில இருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோய் ஆவியாக்க மட்டுமே சுமார் 107 மெகாஜூல் வேணும், அதாவது கிட்டத்தட்ட 30 யூனிட் கரண்ட். எலும்பு, சதை எல்லாம் அதுக்கு மேல. 2025-ல வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசமா இருந்துச்சு, அந்தக் கணக்குல மூணு பேரைத்தான் எரிக்கலாம். அதை ஒரே நிமிஷத்துல முடிக்கணும்னா 1.8 மெகாவாட். வீட்டு மீட்டர் தாங்காது, கமுதி சோலார் பிளான்ட்ல இருந்து தனி லைன் இழுக்கணும்.

லாஜிக் ஓட்டை கண்டுபிடிச்சு சிரிக்கிறதுக்காக இதைச் சொல்லல. சினிமாவுல எந்த மிஷின் வேணா வரலாம். பிரச்சனை என்னன்னா, அந்த மிஷினுக்கு ஒரு விதியும் கிடையாது. அது எவ்வளவு நேரம் எடுக்கும்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஓடும்? ஓடும்போது பக்கத்துத் தெருவுல லைட் மங்குமா, வாசனை வருமா, சாம்பல் எங்க போகும்? “இருபது நிமிஷம் ஆகும், நடுவுல நிறுத்த முடியாது”னு ஒரே ஒரு வசனம் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? உள்ள உடம்பு எரியுது, வெளிய கதவைத் தட்டுறாங்க, பதினோரு நிமிஷம் பாக்கி. சீட் நுனி அங்கதான் இருக்கு. அதுக்கு எந்த ஸ்டாரும் வேண்டாம், ஒரு கடிகாரம் போதும். தலைப்பு டீசர்லயே தங்கக் கடிகாரமா கோர்த்து ரஜினி கையில ஆயுதமாக் கொடுத்த படம் இது. அத்தனை கடிகாரத்துல ஒண்ணைக்கூட மணி பார்க்கப் பயன்படுத்தல.

ஸ்ருதி ஹாசன் கதையும் இதே மாதிரிதான். ராஜசேகருக்கு அப்புறம் அந்த மிஷினை இயக்கத் தெரிஞ்ச ஆள் ப்ரீத்திதான். யோசிச்சுப் பாருங்க, அந்தக் கும்பல்ல யாரைவிடவும் அவளுக்குத்தான் பவர் அதிகம். அவ ஒரு ஃப்யூஸைப் பிடுங்கினா சைமனோட சாம்ராஜ்யம் படுத்துடும். எழுதின கை கொஞ்சம் நிதானிச்சிருந்தா தமிழ்ல அபூர்வமான ஒரு ஹீரோயின் கிடைச்சிருப்பா, மூளையால தப்பிக்கிற ஒரு டெக்னீஷியன். படம் அவளை ஓட விடுது, பிடிக்குது, ரஜினி வந்து காப்பாத்துறார். மறுபடி ஓட விடுது. நம்ம கிளாஸ் பொண்ணுங்க இதைப் பார்த்துட்டு என்ன சொன்னாங்கன்னு இங்க எழுதினா எடிட்டர் வெட்டிடுவார்.

இப்போ துறைமுகம். இங்கதான் எனக்கு உண்மையான கோபம், ஏன்னா நான் இந்தக் கரைக்காரன். நம்ம காலேஜ்ல பாதிப் பேருக்கு மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி, கீழக்கரைனு ஏதாவது ஒரு கடலோர ஊர் சொந்தமா இருக்கும். கடத்தல்னா என்னன்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், பேப்பர்ல உள்ளூர்ப் பக்கத்தைத் திருப்பினா போதும்.

‘கூலி’ல சைமன் விசாகப்பட்டினம் துறைமுகத்தையே கையில வச்சிருக்கான். சரி. சரக்கு எந்தப் பக்கமா உள்ள வருது, யார் கண்ணை எப்படிக் கட்டுறாங்க, கஸ்டம்ஸ் எந்த இடத்துல ஏமாறுது? எனக்கு நினைவுல நிக்கிறது புகை, மழை, கிரேன், சிகரெட், வெள்ளைச் சட்டை. இன்டர்வெல்ல பக்கத்துல உட்கார்ந்திருந்த பாம்பன் பையன், என் கிளாஸ்மேட், பாப்கார்னை வாயில போட்டுக்கிட்டே கேட்டான்: “மாப்ள, இவனுங்க சரக்கை எங்கடா இறக்குறானுங்க?” அவன் அப்பா விசைப்படகுல போறவர். கடல்ல ஒரு பொருளை இந்தப் படகுல இருந்து அந்தப் படகுக்கு மாத்துறது எவ்வளவு பெரிய வேலைன்னு தெரிஞ்சவன் கேட்ட கேள்வி அது.

உண்மையில நம்ம கரையில இது எப்படி நடக்குதுன்னு பாருங்க. தனுஷ்கோடியில இருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு, 1974, 1976 ஒப்பந்தங்கள்ல போட்டது. அந்தக் கோட்டைத் தாண்டினா பொருளுக்கு அர்த்தமே மாறிடும். 2019 கடைசியில இலங்கை மஞ்சள் இறக்குமதியைத் தடை பண்ணுச்சு. உடனே நம்ம மளிகைக் கடையில தூங்கிக்கிட்டு இருந்த மஞ்சள், ராத்திரியில கடல் தாண்டுற கடத்தல் சரக்காயிடுச்சு. கடல் அட்டையை எடுத்துக்கோங்க. 2001-ல இருந்து அது இந்தியாவுல பாதுகாக்கப்பட்ட உயிரினம், புலி மாதிரி சட்டம். கோட்டுக்கு அந்தப் பக்கம் லைசென்ஸ் வாங்கினா அதைப் பிடிக்கலாம். ஒரே உயிர்தான், இங்க ஜெயில், அங்க பிசினஸ். பீடி இலைக்கும் இதே கதை. ரஜினி பீடி பத்த வைக்கும்போது தியேட்டர் முழுக்க விசில் பறந்துச்சு. வேதாளைக் கரையில பீடி இலை பண்டலோட பிடிபடுறவனுக்கு யாரும் விசில் அடிக்கிறதில்ல.

தங்கம் இதுக்கெல்லாம் உச்சம். 2023 பிப்ரவரியில மண்டபம் பக்கம் ஒரு படகைத் துரத்துறாங்க. படகுல இருந்தவங்க மூட்டையைக் கடல்ல போட்டுடறாங்க. கோஸ்ட் கார்டு டைவர் இறங்கித் தேடி எடுத்தது 17.74 கிலோ தங்கம். இங்கயும் என் கணக்குப் புத்தி சும்மா இருக்கல. தங்கத்தோட அடர்த்தி தண்ணியைவிட 19 மடங்கு. அப்படின்னா அந்த 17.74 கிலோ, ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலுக்குள்ள அடங்கிடும்! பத்துக் கோடி ரூபாய்க்கு மேல பெறுமானம் உள்ள ஒரு தண்ணி பாட்டில், மன்னார் வளைகுடாவுல அடியில கிடக்குது. போட்டவன் ஜிபிஎஸ்ல இடத்தைக் குறிச்சானா? நீரோட்டம் அதை நகர்த்துமா? அதிகாரி முதல்ல எடுப்பாரா, போட்டவனோட ஆளுங்க ராத்திரியில வந்து எடுப்பாங்களா? அதே வருஷம் மே கடைசியில ரெண்டு படகு விவகாரத்துல 32 கிலோவுக்கு மேல, மதிப்பு சுமார் 20 கோடி. அதுலயும் ஒரு பகுதியைக் கடலுக்கடியில இருந்துதான் எடுத்தாங்க.

நான் எதையும் சேர்க்கல, செய்தியில வந்ததுதான். இதுல வில்லனுக்கு டயலாக் இல்ல, பிஜிஎம் இல்ல. இருந்தும் படிக்கும்போது நெஞ்சு அடிச்சுக்குது, ஏன்னா என்ன முடியும், என்ன முடியாதுன்னு நமக்குத் தெரியுது. டைவருக்கு மூச்சு இவ்வளவு நேரம்தான். படகுக்கு டீசல் இவ்வளவுதான். விடிஞ்சா ஆள் வந்துடும். இந்த “இவ்வளவுதான்” இருக்கிற இடத்துலதான் பயம் வரும். ‘கூலி’ல யாருக்கும் எதுக்கும் “இவ்வளவுதான்” கிடையாது. தேவா எத்தனை பேரை வேணா அடிப்பார், சைமன் எத்தனை பேரை வேணா கொல்லுவான், மிஷின் எத்தனை உடம்பை வேணா எரிக்கும்.

“டேய், இது மாஸ் படம்டா, மூளையை வீட்ல வச்சுட்டு வரணும்”னு ஒருத்தன் இந்நேரம் டைப் பண்ண ஆரம்பிச்சிருப்பான். தம்பி, ஒரு நிமிஷம். 2019-ல இதே டைரக்டர் ‘கைதி’ எடுத்தப்போ உன் மூளை எங்க இருந்துச்சு? கூடவேதானே கூட்டிட்டுப் போன. ஒரு ராத்திரி, ஒரு லாரி, பின்னாடி மயங்கிக் கிடக்கிற போலீஸ்காரங்க, காலையில பார்க்க வேண்டிய ஒரு பொண்ணு. பாட்டு கிடையாது, ஹீரோயின் கிடையாது. கார்த்தி அதுலயும் அம்பது பேரை அடிக்கிறார், அதுவும் மாஸ்தான். ஆனா லாரி எங்க நிக்குது, எவ்வளவு தூரம் பாக்கி, யாருக்கு எப்போ மயக்கம் தெளியும்னு ஒவ்வொரு நிமிஷமும் நமக்குத் தெரியும். பிரியாணியை அண்டாவோட தூக்கி வச்சுச் சாப்பிடுற சீனுக்கு நாம ஏன் கை தட்டினோம்? அந்த ஆளுக்குப் பசிக்குதுன்னு நம்பினோம்.

சௌபினையே எடுத்துக்கோங்க. ‘கூலி’ல உண்மையா நடிச்ச ஆள் அவர்தான், தயாள் வர்ற காட்சியில மட்டும் கொஞ்சம் உயிர் இருக்கு. 2024-ல ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ல இதே சௌபின் என்ன பண்ணார்? குணா குகையில ஒரு குழி, ஒரு கயிறு, உள்ள விழுந்த ஃப்ரெண்ட். 2006-ல நிஜமா நடந்தது, முடிவு நமக்கு முன்னாடியே தெரியும். அப்படியிருந்தும் நம்ம ஹாஸ்டல்ல அதைப் பார்த்த அன்னிக்கு ஒருத்தனும் ஃபோனைத் தொடல. ‘கூலி’யை ஹாஸ்டல்ல ப்ரைம்ல போட்டப்போ, செகண்ட் ஹாஃப் பாதியில ரெண்டு பேர் எந்திரிச்சு டீ குடிக்கப் போயிட்டு, திரும்பி வந்து “என்னாச்சு?”ன்னு கேட்கக்கூட இல்லாம உட்கார்ந்துட்டாங்க.

வசூல் பத்தி யாராவது கேட்பீங்க. உலகம் முழுக்க 500 கோடியைத் தாண்டிச்சுன்னு சொன்னாங்க. சந்தோஷம். நான் டிக்கெட் வாங்கினேன், என் சித்தப்பா வாங்கினார், அந்த 500 கோடியில எங்க பங்கும் இருக்கு. அதனாலதான் கேட்கிற உரிமையும் இருக்கு.

இப்போ தலைப்புக்கு வர்றேன். எனக்கு உண்மையா வலிச்சது இங்கதான்.

‘கூலி’ன்னு பேரு வச்சிருக்காங்க. 1421-னு ஒரு நம்பர், கையில பித்தளை பேட்ஜ். அது லோகேஷோட அப்பாவோட நம்பர், அவர் பஸ் கண்டக்டர்னு படிச்சப்போ எனக்கு அந்த பேட்ஜ் மேல ஒரு மரியாதையே வந்துச்சு. ரஜினியும் கண்டக்டரா இருந்தவர். இவ்வளவு பொருத்தம் அமையுறது அபூர்வம். ஆனா படம் முழுக்கத் தேடிப் பாருங்க, கூலிங்க எங்க? ஃப்ளாஷ்பேக்ல தொழிலாளி தலைவரா இளவயசு ரஜினி கொஞ்ச நேரம் வர்றார், மூஞ்சி கம்ப்யூட்டர்ல பளபளன்னு இருக்கு. மத்தவங்க எல்லாம் பின்னாடி நிக்கிற கூட்டம். அவங்க ஒரு மூட்டைக்கு எவ்வளவு வாங்குறாங்க, யார்கிட்ட கடன், யாருக்கு முதுகு போயிடுச்சு, ஒண்ணும் தெரியாது. தலைவருக்குக் கோஷம் போடுறதுதான் அவங்க படத்துல பார்க்கிற ஒரே வேலை.

இங்க கரையில பாருங்க. படகுல போறவங்களுக்கு மாசச் சம்பளம் கிடையாது. டீசல், ஐஸ் செலவு கழிச்சு மீதியில பங்கு. மீன் படலைன்னா பங்கும் இல்ல. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு நகராது. மத்த நாள்ல டோக்கன் வாங்கிக்கிட்டு வாரத்துக்கு மூணு நாள். போனாலும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல இலங்கை கடற்படை. என் கிளாஸ்மேட் வீட்டுல அப்பா கடலுக்குப் போன ராத்திரி அவங்க அம்மா ஃபோனை சார்ஜ்ல போட்டுத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத்தான் படுப்பாங்களாம். காலையில “கரைக்கு வந்துட்டேன்”னு குரல் கேட்டப்புறம்தான் உலை வைப்பாங்க. செமஸ்டர் எக்ஸாம் அன்னிக்குக் காலையிலயும் அவன் முதல்ல பார்க்கிறது ஹால் டிக்கெட்டை இல்ல, வாட்ஸ்அப்ல அம்மா மெசேஜைத்தான்.

இப்படி ஒரு வீட்டுப் பையன்கிட்ட ஒருத்தன் வந்து, “ஒரு ராத்திரி வேலைடா, படகை ஓட்டிட்டுப் போயிட்டு வா, உள்ள என்ன இருக்குன்னு கேட்காத”ன்னு சொன்னா? அந்த இடத்துல அவன் என்ன யோசிப்பான்? பிடிபட்டா பேப்பர்ல பேர் வர்றது அவனுக்குத்தான், அனுப்பினவனுக்கு இல்ல. நம்ம வயசு, நம்மளோட ப்ளஸ் டூ படிச்ச பசங்க. ராத்திரி ராமேஸ்வரம் ரோட்டுல பைக்ல வந்தா செக்போஸ்ட்ல நிறுத்தி “எந்த ஊரு, பையில என்ன”ன்னு கேட்கிறாங்களே, அந்தக் கேள்வி பிறக்கிற இடம் இது. கடத்தலைப் பத்தி ஒரு பெரிய படம் வருது, பேரு ‘கூலி’, நாட்டோட பெரிய நடிகர்கள் எல்லாம் இருக்காங்கன்னதும், மூட்டை தூக்குற அந்தப் பையன் பக்கம் ஒரு தடவையாவது கேமரா திரும்பும்னு எதிர்பார்த்தேன். கிரீஷ் கங்காதரனோட கேமரா சைமனோட சிகரெட் நுனிக்கு அவ்வளவு கிட்டப் போகுது. கூலிக்காரன் கைக்குக் கிட்டப் போகல.

“ஒரு கமர்ஷியல் படத்துல இதெல்லாம் எப்படிடா காட்ட முடியும்?” முடியும். அதே 2025-ல, மே 1-ஆம் தேதி, நம்ம ராமேஸ்வரம் கரையிலயே காட்டினாங்க. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ ஞாபகம் இருக்கா? சசிகுமார், சிம்ரன், ரெண்டு பசங்க, இலங்கையில இருந்து படகுல வந்து ராத்திரி நம்ம கரையில இறங்குறாங்க. போலீஸ்கிட்ட மாட்டிக்கிறாங்க. அவ்வளவுதான் சீன். காமெடி படம், நாம சிரிக்கவும் செய்றோம். ஆனா அந்தப் போலீஸ்காரர் விடுவாரா மாட்டாரான்னு எனக்கு வயித்துல ஒரு பிடி பிடிச்சுச்சு. ஏன்னா விடலைன்னா என்ன ஆகும்னு மண்டபத்துக்காரனுக்குத் தெரியும். அந்த முகாமைத் தாண்டித்தான் நான் ஸ்கூலுக்குப் போனேன். 2022 மார்ச்ல இலங்கையில விலைவாசி தாங்க முடியாம கைக்குழந்தையோட வந்தவங்களைப் படகுக்காரங்க தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் மணல் திட்டுல இறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க. கோஸ்ட் கார்டு போய்த்தான் கூட்டிட்டு வந்துச்சு. திட்டுல நின்ன அந்த மணி நேரங்களை யாராவது படமா எடுத்தா, நான் பார்ப்பேனான்னு தெரியல. அவ்வளவு பயமா இருக்கும்.

அபிஷன் ஜீவிந்துக்கு ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ முதல் படம். அதுல ஆமிர் கான் கிடையாது, நாகார்ஜுனா கிடையாது. போலீஸா வந்த ரமேஷ் திலக் முகத்துல ஒரு சின்ன தயக்கம் வருது பாருங்க, அது போதுமா இருந்துச்சு.

லோகேஷுக்குத் திறமை போயிடுச்சுன்னு நான் சொல்லவே மாட்டேன். ‘மாநகரம்’ எடுத்த ஆள் அவர். சென்னைக்கு வேலை தேடி வந்தவன் சர்டிஃபிகேட் தொலைஞ்சு போற பயத்தை நம்மளை மாதிரிப் பசங்களுக்கு அவர் காட்டின மாதிரி யாரும் காட்டல. ப்ளேஸ்மென்ட் சீசன்ல ஃபைலைக் கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது இன்னமும் அந்தப் படம்தான் ஞாபகம் வருது. அதே ஆளுக்கு நாட்டுல இருக்கிற எல்லா நடிகரையும் கொடுத்து, ஒரு துறைமுகத்தையும் கொடுத்து, ‘கூலி’ன்னு ஒரு பேரையும் கொடுத்தாங்க. அவர் எல்லாரையும் வாசல்ல நின்னு வரவேற்கிறதுலயே ரெண்டரை மணி நேரத்தைச் செலவு பண்ணிட்டார்.

சித்தப்பா போன வாரம் மறுபடி ஃபோன் பண்ணார், ப்ரைம்ல பார்த்தாராம். சத்யராஜ் எதுக்குச் செத்தார்னு இப்போ புரிஞ்சுதான்னு கேட்டேன். “புரிஞ்சுச்சுப்பா. ஆனா அந்த நாற்காலிக்கு கரண்ட் பில் யாருப்பா கட்டுனா?”ன்னார். கணக்கை அனுப்பியிருக்கேன்.